முதல் குதிரை: மூன்றில் எதை எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

கொறங்காடு | ஆகஸ்ட் 17, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். பதினான்கு மாதங்களாக வாரம் மூன்று நாள் கோவைக்குப் போய்க் குதிரையேற்றம் கற்றுவருகிறேன். வயது 34, எடை 61 கிலோ. டிராட் (சீரான துள்ளு ஓட்டம்) நடையில் எழுந்து அமர்ந்து போக நன்றாக வருகிறது. அதைவிட வேகமான கேண்டர் பாய்ச்சலில் மைதானத்தை இரண்டு சுற்று வருவேன். மூன்றாவது சுற்றில் இடது கால் அங்கவடியை (சேணத்தில் கால் வைக்கும் வளையத்தை) விட்டுவிடும். கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை, இதுதான் என் நிலை.

சொந்தமாக ஒரு குதிரை வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்துவிட்டேன். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பார்த்தது. வெள்ளைக் குதிரை, நுக்ரா என்றார்கள். நான்கு வயது, காயடிக்காத ஆண். மேளச் சத்தத்துக்கு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. கூட்டமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, நானும்தான். இரண்டாவது, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆறு வயதுப் பெண் குதிரை. மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள், ஏறக்குறைய இனாம். மூன்றாவது, மூடப்போகிற ஒரு சிறிய பயிற்சிப் பள்ளியின் குதிரை. கத்தியவாரி இனக் கலப்பு, பழுப்பு நிறம், காயடித்தது, பதின்மூன்று வயது என்கிறார்கள். அதன்மேல் ஒரு முறை ஏறினேன். சொன்னதைச் செய்தது. அதற்குமேல் நினைவில் நிற்கும்படி எதுவும் இல்லை.

மனம் முதலாவதில் இருக்கிறது. சொல்லுங்கள்.

லாயத்து விளக்கு | ஆகஸ்ட் 17, இரவு 11.15

தங்கையே, உன் பதிவிலேயே விடை இருக்கிறது. "சொன்னதைச் செய்தது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போகிறாய். முப்பது வருடமாகச் சென்னையில் லாயத்தில் இருக்கிறேன். கற்கும் நிலையில் உள்ள ஒருவருக்காகக் குதிரை பார்க்கப் போகும்போதெல்லாம் நான் தேடியது அந்த ஒரு வரியைத்தான்.

நான்கு வயதுக் குதிரைக்கு நிரந்தரப் பற்களே முழுதாக வந்திருக்காது. கடைசி ஜோடி நாலரை வயதுக்குத்தான் முளைக்கும். கடிவாளத்தின் இரும்பு வாயில் கிடக்கிற இந்த நேரத்தில்தான் ஈறும் வலிக்கும், எலும்பும் வளரும், புத்தியும் தடுமாறும். கையைச் சீராக வைத்திருக்கத் தெரிந்தவர் ஏறினால் அது நல்ல குதிரையாகும். மூன்றாவது சுற்றில் அங்கவடியை விடுகிறவர் ஏறினால், நிலை தவறும்போதெல்லாம் லகானைப் பிடித்துத் தொங்குவார். குதிரை அதையும் ஒரு பாடமாகத்தான் கற்றுக்கொள்ளும். உனக்குக் கற்றுத்தர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் குதிரையாகவே இருந்தால் நல்லது.

காயடிக்காத ஆண் என்பது தனிச் சிக்கல். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் குதிரை பருவத்தில் இருந்தால் உன் 61 கிலோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வெண்புரவி | ஆகஸ்ட் 18, காலை 6.50

அண்ணனின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன், ஆனாலும் மறுக்கிறேன். என் முதல் குதிரை மூன்றரை வயது மார்வாரி இனம். நானும் அப்போது கற்றுக்குட்டிதான். இன்று அதற்குப் பதினொரு வயது. என்னைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பாது. உள்நோக்கி வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடும் அந்தக் காதுகள் என் குரலுக்குத் திரும்பும்போது கிடைக்கிற நிறைவு, வேறொருவர் பழக்கி முடித்த குதிரையிடம் எனக்குக் கிடைத்திருக்காது. சேர்ந்து வளர்வது என்று ஒன்று இருக்கிறது. மனம் போன குதிரையை விட்டுவிட்டு, மனம் ஒட்டாத குதிரைக்கு இருபது வருடம் புல் போட முடியுமா?

லாயத்து விளக்கு | ஆகஸ்ட் 18, காலை 8.05

தம்பி, ஒரே ஒரு கேள்வி. முதல் இரண்டு வருடம் அந்தக் குதிரையைத் தினமும் யார் ஓட்டினார்கள்?

வெண்புரவி | ஆகஸ்ட் 18, காலை 8.20

எனக்குக் கற்றுத்தந்த உஸ்தாத். காலையில் அவர் ஒரு மணி நேரம், பிறகு அவர் பார்வையில் நான் அரை மணி நேரம். உண்மைதான், அதைச் சொல்லாமல் விட்டது தவறு. தோட்டத்தோடு தங்குகிற பழக்குநர் ஒருவர் கொறங்காடு அவர்களுக்குக் கிடைப்பார் என்றால் மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரி மூடுபனி | ஆகஸ்ட் 18, மதியம் 1.30

நுக்ராவைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. வெள்ளை முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். மூக்கு, கண்ணோரம் எல்லாம் வெயிலில் வெந்து உரியும். காங்கேயத்து வெயிலில் பகல் முழுக்க நிழல் வேண்டும்.

மேளத்துக்கு ஆடியதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஆட்டம் பழக்குகிறவர்களில் சிலர் முள் வைத்த கடிவாளம் போடுகிறார்கள். 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. இருந்தும் சந்தைகளில் பார்க்கிறோம். அடுத்த முறை போனால் வாயைத் திறந்து பாருங்கள். வாயோரத்தில் முடி வெளுத்திருக்கிறதா, நாக்கில் பழைய வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தால் அது என்ன பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட குதிரை லகானில் விரல் பட்டாலே தலையை வானத்துக்குத் தூக்கும்.

பந்தயக் குதிரையைப் பற்றி நான் சொல்ல உரிமை உண்டு, இரண்டு வைத்திருக்கிறேன். கிண்டியிலும் ஊட்டியிலும் ஓடியவை. இரண்டும் என் உயிர். ஆனால் தொடக்கத்தில் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஜாக்கியைக் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே தூக்கி ஏற்றிவிடுவார்கள். அதனால் நீங்கள் அங்கவடியில் கால் வைக்கும்போது நிற்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. லகானை இழுத்தால் நிற்கும் என்று நாம் நினைக்கிறோம். பந்தயத்தில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடித்தபடிதான் ஓட்டுவார், குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடும். பயந்துபோய் நீங்கள் இழுக்க இழுக்க அது வேகமெடுக்கும். இதை மறக்கடித்துப் புதிதாகப் பழக்க என் பெரிய குதிரைக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

விலை குறைவு என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம். முன்னங்கால் முட்டிக்குக் கீழே, பின்பக்கமாக இறங்கும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கீழே வரை வருடிப் பாருங்கள். கயிறு போல நேராக இருக்க வேண்டும். நடுவில் வில் போலப் புடைத்திருந்தால் அந்த நாண் ஒரு முறை அறுந்து ஆறியது, சூடாக இருந்தால் இன்னும் ஆறவில்லை. ஓய்வு எதனால் என்று அவர்கள் சொல்லாததை அந்த விரல்கள் சொல்லிவிடும்.

அமராவதிக் கரை | ஆகஸ்ட் 18, மாலை 5.10

நான் ஏமாந்த கதையையும் எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவட்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தரகர் மூலம் வாங்கினேன். காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். போனபோது சேணம் கட்டித் தயாராக நின்றது. என் மகன் ஏறினான். கோயில் மாடு போல நடந்தது. அன்றே பணம் கொடுத்து வண்டியில் ஏற்றினோம். மறுநாள் காலை லாயத்துக்குள் என்னால் நுழைய முடியவில்லை. காதைப் பின்னுக்கு மடித்துப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. நரி பரியான கதையும் பரி நரியான கதையும் மதுரைப் புராணத்தில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று அதன் தலை தொங்கியிருந்தது, கீழுதடு தளர்ந்திருந்தது, கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமை பாதி வெளியே தெரிந்தது. மயக்க மருந்து. சேணத்துக்கு அடியில் வியர்வையும் காய்ந்திருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிக் களைப்பாக்கி வைத்திருக்கிறார்கள். என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அதன் பிறகு அவன் எந்தக் குதிரை மேலும் ஏறவில்லை. அந்தப் பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன், இதை மறக்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன், சகோதரி: சொல்லாமல் போங்கள். அதிகாலையில் போங்கள். சேணம் இல்லாமல், வெறும் கயிறும் இல்லாமல் நிற்கும்போது பாருங்கள். பிடிப்பது முதல் எல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள், மூன்று முறையாவது, வெவ்வேறு நேரத்தில்.

லாயத்து விளக்கு | ஆகஸ்ட் 18, இரவு 10.30

இந்தத் தம்பி எழுதியதை இரண்டு முறை படி. இதோடு சேர்த்துச் சில.

முதலில் விற்கிறவரோ அவருடைய ஆளோ ஏறட்டும். அவர் ஏறத் தயங்கினால் நீ ஏறாதே. பிறகு நீ ஏறி, மற்ற குதிரைகள் நிற்கும் இடத்தை விட்டு வெளியே ஓட்டிப் போ. பள்ளிக் குதிரைகளில் பல, மைதானத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தனியாக வாசலைத் தாண்டச் சொன்னால் வேரூன்றி நின்றுவிடும். நீ தோட்டத்தில் தனியாக ஓட்டப்போகிறவள், உனக்கு இது மிக முக்கியம். லாரி போகிற சாலை ஓரத்தில் நிறுத்திப் பார். காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைத் தாண்டச் சொல்.

நான்கு குளம்பையும் நீயே தூக்கிப் பார். முன்னங்கால் முட்டியின் முன்பக்கத்தில் தழும்பு இருந்தால் தடுக்கி விழுகிற குதிரை. முதுகில் திட்டுத்திட்டாக வெள்ளை முடி இருந்தால் சேணம் அறுத்த பழைய புண். லாயத்துக் கதவின் மேல்விளிம்பையும் பார்த்துவிட்டு வா. மரம் கடிபட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் காற்றை விழுங்கும் பழக்கம் இருக்கிறது. அது எளிதில் போகாது.

எடையைப் பற்றிக் கவலைப்படாதே. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். 350 கிலோ குதிரை உனக்குச் சரியாக இருக்கும்.

கொறங்காடு | ஆகஸ்ட் 23, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. அமராவதிக் கரை அண்ணா, உங்கள் மகனைப் பற்றிப் படித்துவிட்டு அன்று தூங்க முடியவில்லை.

பழுப்புக் குதிரையை இரண்டு முறை பார்த்துவிட்டேன். வியாழன் காலை ஐந்தரைக்குச் சொல்லாமல் போனேன். படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முன்னங்காலை நீட்டி எழுந்து உடம்பைச் சிலிர்த்தது. வைக்கோல் துணுக்குகள் என் மேல் விழுந்தன. நானே கயிறு மாட்டினேன். தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. குளம்பைத் தூக்கக் கை வைப்பதற்கு முன்பே எடையை அடுத்த காலுக்கு மாற்றிவிட்டது. சாலைக்கு ஓட்டிப் போனேன். செங்கல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. திரும்பி வரும்போது என் கால்கள் நடுங்கின, பயத்தில் இல்லை. பதினான்கு மாதத்தில் முதல் முறையாக யாரும் கத்திச் சொல்லாமல் ஒரு குதிரையை நான் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு சிக்கல். அதன் வலது கண்ணுக்குக் கீழே சுழி இருக்கிறது. அப்பா படத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் கண்ணீர் வரும் என்கிறார். காளை வாங்கும்போதும் அவர் சுழி பார்த்துத்தான் வாங்குவார்.

வெண்புரவி | ஆகஸ்ட் 23, இரவு 9.00

சுழி என்பது முடி முளைத்த திசை. அதனால் குணம் மாறுவதை நான் பார்த்ததில்லை. ஆனால் விலை மாறும். வட இந்தியச் சந்தைகளிலும் கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வியாபாரிகள் ஒதுங்குவார்கள், அதைச் சொல்லி நீங்களும் விலையைக் குறைக்கலாம். பிறகு நீங்கள் விற்கப்போனால் அதே குறை உங்கள் மேல் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்பாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் வேறு. மாடு தெரிந்த கைக்குக் குதிரையும் புரியும்.

மாட்டு டாக்டர், குதிரைக்கும் | ஆகஸ்ட் 24, காலை 7.10

வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போக வேண்டும் என்று இதுவரை ஒருவரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. விற்கிறவரின் மருத்துவராக இருக்கக் கூடாது, உங்களுடையவராக இருக்க வேண்டும்.

நிற்க வைத்துப் பார்ப்பார், இதயத்தைக் கேட்பார், கடினமான தரையில் நேராக டிராட் ஓடவிட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிடுவார். மூட்டில் வலி இருந்தால் அப்போது நொண்டும். ஒரு குழாய் இரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால் பின்னர் அதில் தெரியவரும்.

கிளாண்டர்ஸ் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மனிதருக்கும் தொற்றும் நோய் அது, குதிரைக்கு மருத்துவம் கிடையாது, உறுதியானால் கருணைக்கொலைதான். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் இதில் நாட்டுக்கே வழிகாட்டி. சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் பார்த்துவிடுங்கள். ஈக்கள் பரப்புவது.

உங்கள் வீட்டில் மாடுகள் இருப்பதால் இன்னொன்று. மாட்டின் வயிற்றறையில் வாழும் ஒரு நூல்புழுவின் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொண்டுவரும். அது வழிதவறிக் கண்ணுக்குள் போய்விடும். கண்ணுக்குள் முன்பக்கம் இருக்கும் நீரில் வெள்ளை நூல் ஒன்று நெளிந்து நீந்துவதை வெறும் கண்ணால் பார்க்கலாம். அறுவை செய்து எடுத்துவிடலாம், நாள் கடத்தினால் பார்வை போகும். அதே புழு தண்டுவடத்துக்குப் போனால் பின்கால்கள் தள்ளாடும். லாயத்தில் கொசுவைக் கட்டுப்படுத்துங்கள்.

தீவனத்தில் மாட்டுக் கணக்கைக் குதிரைக்குப் போடாதீர்கள். உங்கள் ஊரில் எல்லோரும் கோ-4 கம்பு நேப்பியர் தீவனப்புல் போட்டிருப்பார்கள், மேய்ச்சலுக்குக் கொழுக்கட்டைப் புல் இருக்கும். இரண்டிலும், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாத ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் இரைப்பை அதைச் சமாளிக்கும், குதிரையால் முடியாது. மாதக்கணக்கில் அது மட்டுமே தின்றால் சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்து உருவப்பட்டு முகம் வீங்கும், கால் நோகும். குதிரைமசால் சேர்த்துப் போடுங்கள், அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய. பெயரே காரணப் பெயர்தான். இளம் சோளத்தட்டை வேண்டவே வேண்டாம். வைக்கோல் மட்டும் போட்டால் குடல் அடைக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறக்காதீர்கள்; வயிற்றுவலி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கொறங்காடு | செப்டம்பர் 2, இரவு 10.00

மருத்துவர் பார்த்துவிட்டார். மடக்கிப் பிடித்த சோதனையில் பின் வலதுகால் இரண்டு அடி தயங்கிவிட்டுச் சரியாக ஓடியது. இந்த வயதுக்கு இது சகஜம், தடை தாண்டவிடாதீர்கள் என்றார். இரத்தச் சோதனைகள் நல்லபடியாக வந்துவிட்டன.

வயதில்தான் பொய். மேல்வரிசை ஓரப்பல்லில் ஒரு பழுப்புக் கோடு ஈறிலிருந்து இறங்குகிறது. பத்து வயதில் தோன்றி, பதினைந்தில் பாதிப் பல்லை எட்டும் என்று சொல்லி என் விரலையே வைத்துக் காட்டினார். பாதியைத் தாண்டிவிட்டது. பதினாறு இருக்கலாம் என்கிறார். மூன்று வருடத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். கோபமாக இருக்கிறது. விட்டுவிடட்டுமா?

லாயத்து விளக்கு | செப்டம்பர் 2, இரவு 10.25

கோபப்படு, விலையைக் குறை, குதிரையை விடாதே. நன்றாக வைத்திருந்தால் குதிரை இருபத்தைந்து, முப்பது வயது வரை இருக்கும். உனக்குத் தேவையான ஐந்தாறு வருடச் சவாரி அதனிடம் இருக்கிறது. ஆனால் அது சவாரியை விட்ட பிறகும் உன் தோட்டத்தில் பல வருடம் நிற்கும், அதற்கும் புல் உண்டு என்று இப்போதே மனதில் எழுதிக்கொள். அதற்கு உன்னால் முடியாது என்றால் வாங்காதே.

எழுத்தில் ரசீது வாங்கு. இரண்டு வாரம் பார்த்துவிட்டு மீதிப் பணம் தருவதாகப் பேசு.

கொறங்காடு | செப்டம்பர் 14, காலை 6.20

வந்துவிட்டான். அப்பாதான் நேரில் போய் விலை பேசினார். அங்கே அவர் சுழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குதிரையின் கழுத்தில் கை வைத்தபடி பத்து நிமிடம் நின்றார். எனக்குத் தெரிந்து அவர் எந்தக் காளையிடமும் அப்படி நின்றதில்லை.

முந்தாநாள் மாலை இறக்கினோம். தனியாக இருக்கக் கூடாது என்பதால் சாலை ஓரத்துச் சாய்ப்பில், பசு தெரிகிற மாதிரிக் கட்டினோம். தீவனம் எடுத்தது. தண்ணீர் மட்டும் குடிக்கவே இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஒரு நாளைக்கு 25 லிட்டராவது குடிக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். மோந்து பார்த்துவிட்டு உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டது. நேற்று இரவு லாயத்து விளக்கு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். பழைய இடத்துத் தண்ணீர் நாலு குடம் கொண்டுவா, அதோடு பாதிக்குப் பாதி கலந்து, ஒரு கை வெல்லம் கரைத்து வை என்றார். அப்பா இரவே வண்டி எடுத்துக்கொண்டு போய் வந்தார்.

இன்று விடிவதற்கு முன் போய்ப் பார்த்தேன். தொட்டியில் பாதிக்குமேல் இல்லை. தாடை முடியில் துளிகள் தொங்கிக்கொண்டிருந்தன.